இடப்பக்கம் திறக்கும் விளக்கு

விளக்கு அசலா நகலா என்று தெரிந்துகொள்ள அதை எரியவிட்டுப் பார்க்கத் தேவையில்லை, டாக்டர். நகலும் எரியும். சில சமயம் அசலைவிடப் பிரகாசமாகவே எரியும். இந்தக் குருண் ஊரில் இதை யாரிடம் சொன்னாலும் புரியாது. நீங்கள் பழைய ஆர்ட்விக் கார் வைத்திருப்பவர், இந்த வெயிலில் பினாங்கிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் புரியும்.

மேசைமேல் இருப்பது 1934ஆம் வருடத்து ஆர்ட்விக் காருக்கென்று செய்தது. ஓட்டுகிறவர் பக்கத்தில், முன்கண்ணாடியைத் தாங்கும் தூணில் பொருத்துவார்கள். முன்பக்கம் தேடுவிளக்கு, முதுகுப்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்தபடியே கைப்பிடியைத் திருப்பி முன்னால் வெளிச்சம் அடிக்கலாம். பின்னால் யார் வருகிறார்கள் என்றும் பார்த்துக்கொள்ளலாம். காரோடு சேர்ந்து வராது. தனியாக எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் சீமையிலிருந்து அனுப்பினார்கள். கேட்டவர்கள் குறைவு.

இது யாருடையது என்று கேட்டீர்கள். வாங்க வந்தவர் கேட்க வேண்டிய கேள்விதான். முழுவதையும் சொல்கிறேன். நடுவில் நான் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். அது என் பழக்கம்.

பொருள் ஒன்றைக் கையில் வாங்கினால் பத்து நிமிடம் நான் வாய் திறப்பதில்லை. என் மனைவி கைருன்னிசாவுக்கு இது பிடிக்காது. "மீனு நல்லதான்னு கேட்டாலும் இப்படித்தான் உக்காருவாரு. பதில் வர்றதுக்குள்ள மீனு கெட்டுப் போயிடும்" என்பாள். ஆனால் வெள்ளைக்காரர்களுக்கு இந்த மௌனம் ரொம்பப் பிடித்திருந்தது. பேசுகிற கடைக்காரனை அவர்கள் நம்புவதில்லை. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், ஆயிரம் பாகங்களின் பட்டியல் என் தலைக்குள் ஓடுகிறது என்று நினைத்தார்கள். பெரும்பாலும் ஓடியது. யான், சுங்கைப் பட்டாணி என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். இந்த ஜக்கரியா சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை என்று ஆகியிருந்தது.

அந்த அவசரகால வருடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஆட்களை உள்ளே வைத்து, அடையாளக் கார்டைக் காட்டினால்தான் வாசலைத் திறந்தார்கள். ஒரு பிடி அரிசி மடியில் இருந்தால் அது காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று கைது. துரைமார்கள் துப்பாக்கிக் காவல் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. அப்படித் துப்பாக்கிக் காவலோடு கிளம்பி என் பழைய கார்ச் சாமான் கடைக்கு வந்து, தங்கள் காரில் இருக்கும் சாம்பல் தட்டு அசல்தானா என்று கேட்பார்கள். உயிர் எப்போது போகும் என்று தெரியாத காலத்தில் மனிதன் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சாம்பல் தட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நான் குறை சொல்ல மாட்டேன்.

குருணுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பெரிய துரையாக இருந்தவர் வெதர்பி. அவரிடம் 1934 ஆர்ட்விக் இருந்தது. கைப்பிடி, கடிகாரம், தரைவிரிப்பு எல்லாம் அசல். இந்த விளக்கு ஒன்றுதான் இல்லை. அது இல்லாத குறையை அவர் சொல்லும்போது, பிள்ளையில்லாத மனிதர் பேசுவது போலிருக்கும். 1950இல் கோத்தா கோலா மூடாவில் ஒரு மீன்படகின் முகப்பில் இப்படி ஒரு விளக்கைப் பார்த்து, படகுக்காரனிடம் வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கூட இன்னும் மூன்று துரைமார்கள்.

இதை அடையாளம் காண ஒரே வழிதான் உண்டு. கண்ணாடியைப் பிடித்திருக்கும் இந்தப் பித்தளை வளையத்தைத் திருகிப் பார்க்க வேண்டும். விளக்கை அடிக்கடி திருப்புவதால் சாதாரண மரை போட்டால் வளையம் தானாகக் கழன்றுவிடும். அதனால் சீமைக்காரன் இடமரை போட்டான். எல்லா மூடியும் திறக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும். வெளித்தோற்றத்தைப் பார்த்து நகல் செய்தவனுக்கு இது தெரியாது. அவன் வழக்கமான மரையே போடுவான். அசல் இடப்பக்கம், நகல் வலப்பக்கம். வளையத்தின் கீழ்விளிம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்.

துரை கொண்டுவந்த விளக்கில் கடல் உப்பு ஏறி வளையம் இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்திருந்தால் கழன்றிருக்கும். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்கு வெள்ளைக்காரர்கள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் திருகி, அது அசையாமல், அவர்கள் அதைப் பார்த்துவிட்டால் என்ன ஆவது. பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் பரிசோதிக்கிறேன் என்று நினைத்தார்கள். எண்ணெய் கேட்காமல் எப்படித் தப்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு, அசல் என்றேன். கெடா மாநிலத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது என்றும் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை. இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். துரை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பங்களா முன்கூடத்தில் மாட்டினார்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தோட்டத்து லாரி டிரைவர் இஞ்ஞாசிமுத்து வந்தான். உயரமானவன், வேதக்காரன், எதைச் சொன்னாலும் பாதிச் சிரிப்போடு சொல்கிறவன். சப்பான்காரன் வருவதற்கு முன்பு அங்கே இருந்த பழைய துரைக்கு அவன்தான் கார் ஓட்டினான். அவரிடமும் ஆர்ட்விக்தான். கடையில் ஆறு பேர் இருந்தார்கள்.

"பாய், நம்ம தொர காடி வெளக்கு அசல்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"நேத்து தொடச்சு வைக்கச் சொன்னாரு. எண்ணெ ஊத்தி வெச்சுத் திருகினேன், வலப்பக்கமா தெறந்துக்கிச்சு. எங்க வீட்ல ஒண்ணு கெடக்கு, பழைய தொர குடுத்தது. அது இடப்பக்கமாத்தான் தெறக்கும். ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது லா."

பின்னாலிருந்து ஒருவர், "பாய் பத்து நிமிசம் கண்ண மூடி உக்காந்தாராமே. தூங்கிட்டாரு போல" என்றார். ஆறு பேரும் சிரித்தார்கள். இஞ்ஞாசிமுத்து சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "தொரகிட்டச் சொல்ல மாட்டேன் பாய். பயப்படாதீங்க" என்றான்.

அவன் கெட்டவனில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவன் துரையிடம் போய்ச் சொல்லியிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். லாரி ஓட்டுகிறவன் ஒருவன் என்னை மன்னித்துவிட்டு டீயை ஆற்றிக் குடித்ததுதான் எனக்குச் செரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் லயத்துக்குப் போனேன். வாசலில் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போனால், வீட்டு முன்சுவரில் ஆணியில் இது தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பக்கம் வெளியே. அவன் அதைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தான். கெடா முழுவதிலும் ஒன்றே ஒன்றாக இருந்த அசல் விளக்கின் வளையத்தில் சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. துடைத்துவிட்டு என் கையில் கொடுத்தான். இடப்பக்கம் திருப்பினேன். வெண்ணெயைப் போலத் திறந்தது. நான் பேசவில்லை. அவன் மனைவி அகத்தா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று அவனிடம் கண்ணால் கேட்டாள்.

இதற்குப் பதிலாக ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைத் தருகிறேன் என்றேன். அவன் தலையை ஆட்டினான். சப்பான்காரனிடம் பிடிபடப் போகும்போது பழைய துரை இதைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாராம். திரும்பி வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமாம். அவர் முகாமிலேயே இறந்தது எல்லாருக்கும் தெரியும். செத்தவர் எப்படிக் கேட்பார் என்றேன்.

"கேக்க மாட்டாரு. அதனாலதான் பாய் நான் குடுக்க முடியாது" என்றான்.

இப்படிப்பட்டவனோடு வியாபாரம் செய்ய முடியாது. திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வருடக் கடைசியில் வெதர்பி துரையின் காரை ரப்பர் காட்டு வளைவில் மறித்துச் சுட்டார்கள். துரையும் காவலுக்குப் போனவரும் இறந்துபோனார்கள். காருக்கும் தீ வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் முன்பு அதே வளைவில் இஞ்ஞாசிமுத்துவின் லாரி போயிருக்கிறது. அதன்மேல் ஒரு கல்கூட விழவில்லை. காட்டிலிருந்தவர்கள் லாரிக்காகக் காத்திருக்கவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வருடம் எல்லாவற்றுக்கும் வேறு அர்த்தம் இருந்தது.

எரிந்த காரை இழுத்துவரப் போலீஸ் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சங்கிலி மாட்டக் குனிந்தபோது, முன்சக்கரத்துக்கு அடியில் சேற்றில் அந்த நகல் விளக்கு கிடந்தது. தூணிலிருந்து பிய்ந்து விழுந்திருக்கிறது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. துடைத்துத் திருகினேன். வலப்பக்கம் திறந்தது. என் சாக்குக்குள் போட்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது யோசிக்கவில்லை. கடைக்கு வந்து அதைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கிப் பழைய பித்தளையோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். இப்போது அது யானில் யாருடைய அடுப்படியிலாவது கரண்டியாக இருக்கலாம். நகலுக்கு அது நல்ல முடிவு.

மறுநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். காரில் என்னென்ன காணவில்லை என்று பட்டியல் போட்டுத் தரச் சொன்னார். இளவயது, களைத்த முகம், பென்சிலைக் கடிக்கிற பழக்கம். பாட்டரி, கருவிப்பெட்டி, விளக்கு என்று எழுதிக் கொடுத்தேன். விளக்கு அரிதானதா என்று கேட்டார். கெடாவில் ஒன்றுதான் என்றேன். அது யாரிடம் போயிருக்கும் என்று நினைக்கிறாய் என்றார். நான் வழக்கம்போலச் சும்மா இருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நல்ல பிள்ளை, காத்திருந்தார். பிறகு, லாரி ஓட்டும் இஞ்ஞாசிமுத்து அந்த விளக்கைத் துடைத்து வைப்பவன், அதன் அருமை தெரிந்தவன் என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அதில் பொய் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்று மாலையே அவனைப் பிடித்துவிட்டார்கள். விளக்கு ஆணியிலேயே தொங்கியதாம். ஒளித்துவைக்காத அளவுக்குத் திமிர் என்று அதிகாரி சொன்னார்.

ஆயுதம் வைத்திருப்பவர்களோடு கூட்டாக இருந்தான் என்பது குற்றச்சாட்டு. அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தூக்கு. லாரி தப்பித்தது ஒரு சந்தேகம் மட்டுமே. விளக்குதான் சாட்சியம். அது சுடப்பட்ட காரில் இருந்த விளக்கு என்றால், சுட்டவர்கள் கையிலிருந்துதான் அவனிடம் வந்திருக்க வேண்டும். அது வேறு விளக்கு என்றால் அவன் வீட்டுக்குப் போகலாம். இதைவிடச் சுலபமான வழக்கு கிடையாது. ஒரு விளக்கை அடையாளம் சொல்ல வேண்டும். அதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

சப்பான் காலத்திலிருந்து அது தங்கள் வீட்டில் இருப்பதாக அகத்தா சொன்னாள். மனைவி வேறென்ன சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மா ஒருத்திதான் துணிந்து வந்தாள். இந்தப் பொருளுக்கு என்ன பெயர் என்று அரசாங்க வக்கீல் கேட்டார். "கண்ணாடி" என்றாள். விளக்கைப் பார்த்துக் கண்ணாடி என்கிறாளே என்று கோர்ட்டில் சிரித்தார்கள். அவள் பத்து வருடமாக அதில் ஒருநாளும் விளக்கு எரிந்து பார்த்ததில்லை. டீக்கடையில் சிரித்த ஆறு பேரில் ஒருவரும் வரவில்லை. வந்தால், உனக்கும் அவனுக்கும் என்ன பழக்கம் என்று கேட்பார்கள். அந்த வருடம் அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நின்றேன். அவனுக்கு வைத்திருந்த வக்கீல், தாக்குதலுக்கு முன்பே நீங்கள் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா என்றார். போயிருக்கிறேன் என்றேன். சுவரில் என்ன பார்த்தீர்கள் என்றார். ஒரு சவரக் கண்ணாடி என்றேன். அதில்தானே அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். வக்கீலுக்கு அடுத்த கேள்வி தோன்றவில்லை. நான் கொஞ்சம் நேரம் கொடுத்தேன். அப்போதும் தோன்றவில்லை.

பிறகு விளக்கை என் கையில் கொடுத்தார்கள். நான் பேசாமல் நின்றேன். நீதிபதியும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவ்வளவு பெரிய மௌனம் என் வாழ்க்கையில் அதற்கு முன்பு எனக்குக் கிடைத்ததில்லை. அதைக் கலைத்தது இஞ்ஞாசிமுத்து. யாரும் அவனைப் பேசச் சொல்லவில்லை.

"பாய், இடப்பக்கம் திருப்பிப் பாருங்க. தொர காடி வெளக்கு அப்படித் தெறக்காது. ஒங்களுக்கே தெரியும் லா" என்றான்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி, திருப்பிக் காட்டச் சொன்னார். இடப்பக்கம் திருப்பினேன். திறந்தது. வளையத்தின் இடுக்கிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் தூள் மேசையில் கொட்டியது. பத்து வருடச் சோப்பு, காய்ந்து கல்லாகி உதிர்ந்தது. தீப்பிடித்த காரில் இருந்த விளக்குக்குள் சோப்பு எப்படி வந்தது, அதன் மேல் ஒரு கரிக்கோடுகூட இல்லையே என்று அந்த மண்டபத்தில் யாராவது கேட்டிருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் தன் கைக்குட்டையால் மேசையைத் துடைத்தார்.

இடப்பக்கம் திறப்பது என்ன காட்டுகிறது என்று நீதிபதி கேட்டார். இது அசல் என்பதைக் காட்டுகிறது என்றேன். வெதர்பி துரையின் காரில் இருந்தது அசலா? அசல்; நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சட்டம் போட்ட அந்தக் காகிதத்தைப் பங்களாவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்திருந்தார்கள். கெடாவில் இப்படி எத்தனை இருக்கிறது? ஒன்று. அப்படியானால் இது? அந்த ஒன்று என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்தான் என்று சொல்ல முடியாது. வழி கேட்டவன், காட்டிய பக்கத்தில் போய் முட்டிக்கொண்டது போல ஒரு பார்வை. தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி அவனேதான் திருப்பச் சொன்னான். துரையின் விளக்கு நகல் என்பதை நான் ஒப்புக்கொண்டால்தான் அந்தத் திருப்பலுக்கு அர்த்தம். அதை அவன் யோசித்திருக்க வேண்டும்.

கருணை மனு போட்டிருந்த சமயத்தில் அகத்தா இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

"பாய், நீங்க எங்க வீட்டுக்கு வந்தப்ப ஆணியில இதுதான் தொங்குச்சு. அப்ப தொர உசுரோட இருந்தாரு. அத மட்டும் எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

நான் பேசவில்லை. என் பழக்கம் அவளுக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். நான் யோசிக்கிறேன் என்று நம்பினாள். தெருவில் ராணுவ லாரிகள் வரிசையாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. கடைசி லாரியும் போன பிறகு எழுந்தாள்.

"பத்து நிமிசம் ஆயிடுச்சு பாய்."

"தொர வெளக்கு அசல்னு அப்பவே கையெழுத்துப் போட்டுட்டேன்மா" என்றேன்.

அவள் முந்தானையால் அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டுப் போனாள். ஏன் துடைத்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

விளக்கைத் துரையின் மனைவிக்குச் சீமைக்கு அனுப்பப் பார்த்தார்கள். தனக்கு அதைப் பார்க்க மனமில்லை என்று அந்த அம்மாள் எழுதிவிட்டார். எரிந்த காரை எடுத்துக்கொண்டவன் நான் என்பதால் தோட்ட ஆபீசிலிருந்து இதையும் எனக்கே கொடுத்தனுப்பினார்கள். நான் கேட்கவில்லை.

உங்கள் முகம் மாறியிருக்கிறது. நீங்கள் போலீசுக்குப் போகலாம், நான் தடுக்கப் போவதில்லை. கடையைவிட்டு இறங்கி வலப்பக்கம் திரும்பினால் ஸ்டேஷன். ஆனால் போனால் இது மறுபடியும் சாட்சியப் பொருளாகிவிடும். கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டி, ஏதோ ஒரு அலமாரியில் எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் காரின் தூணில் இதற்கான துளைகள் காலியாகவே இருக்கும். நான் சொல்லிக்கொண்டிருந்த இவ்வளவு நேரமும் நீங்கள் அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை, டாக்டர். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாங்குபவருக்கு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். எழுதி வைத்திருக்கிறேன். ஆர்ட்விக், 1934, இடமரை, அசல். முதலில் பழைய துரையிடம், பிறகு அவருடைய டிரைவர் இஞ்ஞாசிமுத்துவிடம். வெதர்பி துரையின் காரில் இது ஒருநாளும் இருந்ததில்லை. அந்தக் காரில் இருந்தது நகல். அதை அசல் என்று சொன்னது நான். அந்த நகலை என் கையாலேயே அடித்துத் தகடாக்கிவிட்டு, இதுதான் அது என்று சத்தியம் செய்ததும் நான். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

செய்ததை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் எப்போதும் இருந்ததில்லை. ஏழு வருடமாக இதை நினைத்து நான் சரியாகச் சாப்பிட்டதில்லை. இவ்வளவு சுத்தமான அசல் ஒன்றை, கோர்ட்டில் எல்லாருக்கும் முன்னால், ஒரு நகலின் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டேன். இந்த விளக்குக்கு நான் செய்தது பெரிய அநியாயம்.